ஆற்றிலே கிடந்த மரம்

நேயர்களே, இத்திங்கள் நாம் எழுதப் புகுவது ஒரு தவற்றைப் பற்றி. அது பிறர் செய்த தவறன்று, நாமே செய்தது. நல்லெண்ணத்தோடு செய்த தவறு என்பதனால், அதனை மறைத்து வைப்பதைவிட நம் சங்கத்துக் குடும்பங்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்லிவிடுவதே முறை என்று பட்டது.

சென்ற தைத் திங்களில், பொங்கல் விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, நம் குடும்பங்கள் சில சுவர்ணரேகா ஆற்றங்கரைக்குச் சென்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பண்டிகைக் களிப்போடு நின்றுவிடாமல் ஆற்றுக்கும் ஏதேனும் ஒரு தொண்டு செய்ய வேண்டும் என்று நம் இளைஞர்கள் விரும்பினார்கள். ஜம்ஷெட்பூருக்குப் பிழைக்க வந்த நமக்கு அந்த ஆறு காவிரியும் அன்று, தாமிரபரணியும் அன்று. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நாம் குடித்து வாழ்வது அதன் நீரைத்தானே! ஆகவே பெரியோரும் சிறுவரும் சாக்குப் பைகளோடு இறங்கி, கரையில் கிடந்த பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் கிழிந்த துணிகளையும் பொறுக்கிச் சேர்த்தோம். அதுவரை யாவும் நன்றே நடந்தன.

வேலை முடியும் தறுவாயில், கரையோரமாக நீருக்குள் சாய்ந்து கிடந்த ஒரு மருத மரம் இளைஞர்களின் கண்ணிற்பட்டது. எப்போதோ வெள்ளத்தில் வேரோடு பெயர்ந்து விழுந்த மரம். வேர்க்கட்டை கரையில், கிளைகள் நீருக்குள். சருகும் பாசியும் நுரையும் அதில் சிக்கி, பார்வைக்கு அழுக்காகவே இருந்தது. “இதையும் எடுத்துவிட்டால் கரை கண்ணாடிபோல் ஆகிவிடும்” என்றார் ஓர் அன்பர். கயிறு வந்தது. பதினைந்து பேர் கூடி இழுத்தார்கள்.

சற்றுத் தள்ளி வலையைக் காயவைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். “பாபு, அதை விட்டுவிடுங்கள். அதனடியில் மீன் இருக்கிறது” என்று அவருடைய மொழியில் சொன்னார். நம்மில் இந்தி அறிந்தவர்கள் அதனைப் புரிந்துகொண்டோம், புரிந்தும் சிரித்தோம். மரத்தடியில் மீன் இருந்தால் மரம் போன பின் வேறிடம் போகட்டுமே என்று எண்ணினோம். மரம் கரையேறியபோது சிறுவர்கள் கை தட்டினார்கள். இதை எழுதும் நாமும் கை தட்டினோம். மாலைக்குள் அம்மரம் விறகாகிப் போய்விட்டது.

மழைக்காலம் வந்து போயிற்று. சில நாட்களுக்கு முன் அதே துறைக்குச் சென்றோம். மரம் கிடந்த இடத்தில் முன்பு இடுப்பளவுக்கு மேல் ஆழமான பள்ளம் ஒன்று இருந்தது. இப்போது அங்கே மணல் சமமாகப் பரவி, கணுக்கால் அளவு நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. முதியவர் அதே இடத்தில்தான் இருந்தார். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “பள்ளம் போயிற்று, மீனும் போயிற்று” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் வலையைத் தோளிலிட்டு மேற்கே நடந்தார். அச்சொல் நம்மை வருத்தியது. ஒரு மரத்துக்கும் ஒரு பள்ளத்துக்கும் ஒரு மீனுக்கும் என்ன உறவு என்று தேடிப் படிக்கலானோம். அப்படிப் படித்ததில், நாம் ஒரு காலை வேளையில் செய்த தவற்றை ஒரு நாடே நூற்றாண்டுக்கு மேலாகச் செய்து, பின் மனம் மாறிய வரலாறு கிடைத்தது. அதனை நேயர்கள் முன் வைக்கின்றோம்.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மலைகளிற் பிறந்து, ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் ஓடித் தென்கடலில் கலப்பது மர்ரே ஆறு. அதன் நீளத்தில் பெரும்பகுதி, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா என்னும் இரு மாநிலங்களுக்கு எல்லையாக அமைந்தது. அதன் கரைகளில் ஓங்கி நிற்பது ‘ரிவர் ரெட் கம்’ என்னும் யூகலிப்டஸ் மரம். அது நமக்கு முற்றிலும் அந்நியமன்று. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அன்பர்கள் தைலமரம் என்று அறிந்துள்ளவற்றுள் இந்த இனமும் உண்டு. நம் சீமையில் அது சில ஆண்டுகளில் வெட்டப்படும் தோட்டப்பயிர். தன் சொந்த மண்ணிலோ அது பல நூறு ஆண்டுகள் வாழும் ஆற்றங்கரைப் பெருமரம். முதுமையடைந்தோ கரை அரிக்கப்பட்டோ சாயும்போது, அது ஆற்றுக்குள் விழுகிறது. அதன் கட்டை மிகக் கனமானது; பச்சையாக இருக்கையில் நீரில் மிதக்காது, மூழ்கிவிடும். மூழ்கிய மரம் எளிதில் மக்குவதும் இல்லை. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக விழுந்த மரங்கள், ஆற்றின் அடியில் ஒரு மறைந்த காடுபோலக் கிடந்தன.

1853-ஆம் ஆண்டில் ராண்டெல், காடெல் என்னும் இருவருடைய நீராவிப் படகுகள் முதன்முதலாக மர்ரே ஆற்றில் எதிரேறிச் சென்றன. கம்பளியும் மளிகையும் ஆற்றுவழியே போகத் தொடங்கின. நீருக்குள் மறைந்து கிடந்த மரம் படகின் அடியைக் கிழித்துவிடும். ஆதலால் மரங்களை அகற்றுவதே ஆற்றுக்குச் செய்யும் தொண்டு என்று ஆயிற்று. இதற்கென்றே தனிப் படகுகள் கட்டப்பட்டன. அவற்றுள் 1911-இல் கூல்வா என்னும் ஊரிற் கட்டப்பட்ட ‘இண்டஸ்ட்ரி’ என்னும் படகு இன்றும் ரென்மார்க் நகரில் காட்சிக்கு உள்ளது.

படகு வணிகம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1864-இல் மெல்போர்னிலிருந்து எச்சூக்கா நகருக்கு ரயில் வந்தது. பிற ஊர்களுக்கும் ரயில் பரவப் பரவப் படகுகள் குறைந்தன. ஆனால் மரம் அகற்றும் வேலை மட்டும் நிற்கவில்லை. 1936-இல் ஹியூம் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் அதற்கு வேறொரு காரணம் கிடைத்தது. பாசனத்துக்குத் திறந்துவிடும் நீர் தடையின்றி விரைந்து செல்லவேண்டும் என்றார்கள். 1976 முதல் 1987 வரை, ஹியூம் அணைக்கும் யாரவாங்காவுக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டும் ஏறத்தாழ 24,500 மரங்கள் அகற்றப்பட்டன. எடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். பொறியியல் கற்றவர்கள், கடமை உணர்ந்தவர்கள், உழவர் நலம் கருதியவர்கள். ஆற்றைத் துப்புரவாக்குகிறோம் என்றே அவர்கள் எண்ணினார்கள். நம் இளைஞர்களும் அப்படித்தானே எண்ணினார்கள்!

அந்த மறைந்த காட்டில் வாழ்ந்த பெருங்குடி ஒன்று உண்டு. அதன் பெயர் மர்ரே காட். அந்நாட்டு நன்னீர் மீன்களுள் மிகப் பெரியது அது. 113 கிலோ எடை வரை பதிவாகியிருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது. மர்ரே ஆற்றின் கடைமடையில் வாழும் ஙாரின்ஜெரி மக்களிடம் ஒரு தொல்கதை வழங்குகிறது. ஙுருண்டெரி என்னும் முன்னோன் ஒரு மாபெரும் காட் மீனைத் துரத்திக்கொண்டு வந்தானாம். அது வாலை வீசி வீசித் தப்பி ஓடியதால்தான் ஆற்றின் வளைவுகள் உண்டாயின என்பது அவர்கள் நம்பிக்கை. ஆற்றை உண்டாக்கியதே மீன் என்று கருதிய மக்கள் வாழ்ந்த நாட்டில், மீனுக்கு ஆற்றில் இடமில்லாமற் போயிற்று.

மரத்துக்கும் மீனுக்கும் உள்ள உறவு இதுதான். சமவெளியில் ஓடும் ஆற்றின் அடி மணலும் வண்டலுமே. அங்கே பாறைகள் அரிது. விழுந்த மரமே அங்குள்ள உறுதியான பொருள். ஓடும் நீர் மரத்தில் மோதித் திரும்பும்போது சுழன்று, அடிமணலை அரித்துப் பள்ளம் பறிக்கிறது. கோடையில் நீர் குறைந்தாலும் அப்பள்ளத்தில் ஆழமும் குளிர்ச்சியும் எஞ்சும். மரத்தின் பின்புறம் நீரோட்டம் தணிந்திருக்கும்; அங்கே மீன் அதிக வலிமையைச் செலவிடாமல் நிற்கலாம். மரத்தின் மேற்பரப்பில் பாசி படர்கிறது. பாசியைத் தின்னப் பூச்சிகள் வருகின்றன. பூச்சிகளைத் தின்னச் சிறு மீன்கள் வருகின்றன. சிறு மீன்களை எதிர்நோக்கிப் பெரிய மீன் மர நிழலில் காத்திருக்கிறது. நாம் அழுக்கென்று கண்ட சருகும் பாசியும் உண்மையில் ஓர் அடுக்களை!

அது வீடும் ஆகும். காட் மீன் தன் முட்டைகளை மணலில் இடுவதில்லை. மரப் பொந்து போன்ற உறுதியான பரப்பில் ஒட்டுமாறு இடுகிறது. ஆண் மீன் முட்டைகளுக்குக் காவல் நிற்கிறது. நம் ஊர்க் குளங்களில் விரால் தன் குஞ்சுகளைக் காத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. இன்னும் ஒரு செய்தி நம்மை மிகவும் நெகிழச் செய்தது. ஆராய்ச்சியாளர்கள் காட் மீன்களின் உடலில் சிறு வானொலிக் கருவிகளைப் பொருத்தி, அவற்றின் போக்கைப் பின்தொடர்ந்து கண்டார்கள். இனப்பெருக்கக் காலத்தில் சில மீன்கள் நூறு கிலோமீட்டருக்கும் மேலாக எதிரேறிச் சென்று, காலம் முடிந்ததும் திரும்பி, தாம் புறப்பட்ட அதே மரத்தடிக்கு வந்து சேர்ந்தனவாம். ஆயிரமாயிரம் மைல் கடந்து கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று, பழைய வீட்டின் திண்ணையைத் தொட்டுப் பார்க்கும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? திரும்பி வந்த மீன் தன் மரத்தைக் காணாவிடில் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றோம்.

2003-ஆம் ஆண்டில் மர்ரே காட், அழிவின் வாய்ப்பட்ட இனங்களின் பட்டியலில் ஆஸ்திரேலிய அரசால் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு மர்ரே, டார்லிங் ஆற்றுப் படுகைக்கென வகுக்கப்பட்ட மீன் பாதுகாப்புத் திட்டம், நாட்டு மீன்களின் தொகை ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று மதிப்பிட்டது. அதனை ஐம்பது ஆண்டுகளில் அறுபது விழுக்காட்டுக்கு உயர்த்துவதே அத்திட்டத்தின் குறிக்கோள். அதற்குரிய வழிகளுள் ஒன்றாக, எடுத்த மரங்களை மீண்டும் ஆற்றில் இடத் தொடங்கினார்கள். எந்தப் பகுதியில் 24,500 மரங்கள் அகற்றப்பட்டனவோ, அதே பகுதியில் 4,450 மரங்கள் திரும்ப இடப்பட்டன. சாலைப் பணிகளுக்காக வெட்டப்பட்ட மரங்களும் இதற்குப் பயன்பட்டன. இயந்திரங்களைக் கொண்டு, ஒவ்வொன்றையும் இடம் பார்த்து வைத்தார்கள்.

பாசன நீர் தடைப்படாதோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதனையும் ஆராய்ந்தார்கள். ஆற்றின் குறுக்களவில் ஒரு சிறு பங்கையே மரம் அடைத்துக்கொண்டிருக்குமாயின், வெள்ள மட்டத்தில் அதனால் பெரிய மாறுதல் ஏற்படுவதில்லை என்று தெரிந்தது. நீரோட்டத்துக்குக் குறுக்கே வையாமல், ஓட்டத்தின் போக்கிலே சாய்வாக வைத்தால் தடை இன்னும் குறையும். பல்லாண்டுகள் பெருஞ்செலவில் அகற்றிய மரங்களுட் பலவற்றை அகற்றியிருக்கவே வேண்டியதில்லை. சற்றே திருப்பி வைத்திருந்தாற் போதும்!

மற்றொரு ஐயம் நுட்பமானது. மரத்தடியில் மீன் சேர்வது உண்மையே. ஆனால் அது வேறிடத்திலிருந்து வந்து கூடிய மீனா, புதிதாய்ப் பெருகிய மீனா? நம் நாட்டு மீனவர்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிவார்கள். அஸ்ஸாமில் பீல் எனப்படும் நீர்நிலைகளிலும், கேரளத்து அஷ்டமுடிக் காயலிலும் மரக்கிளைகளை நீரில் இட்டு, அடைக்கலம் தேடி வரும் மீன்களை வளைத்துப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அங்கே கிளை கூட்டுகிறது, அவ்வளவே. மர்ரே ஆற்றில் இதனைத் தெளிவதற்காக மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு, மீண்டும் நீரில் விட்டு, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, மரம் இடப்பட்ட பகுதியில் காட் மீன்களின் தொகை ஏறத்தாழ மூன்று மடங்காகவும், கோல்டன் பெர்ச் என்னும் மீனின் தொகை ஏறத்தாழ இரு மடங்காகவும் உயர்ந்திருந்தன. ஏழாண்டுப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு அது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடந்ததோ இன்னும் வியப்பானது. ஒரேகான், வாஷிங்டன் மாநிலங்களில் கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும் சால்மன் மீன்கள் குறையத் தொடங்கின. ஆற்றில் குவிந்து கிடக்கும் மரங்களே மீனின் வழியை மறிக்கின்றன என்று கருதி, 1950-களிலிருந்து 1970-கள் வரை மீன்வளம் காக்கும் துறையினரே அவற்றை அகற்றினார்கள். மீனுக்காகவே மீனின் வீட்டை இடித்தார்கள்! பிறகு அறிவு தெளிந்து, மரங்களைத் திரும்ப இடுகிறார்கள். அங்குள்ள ஊசியிலை மரங்கள் மிதப்பவை. வெள்ளம் அடித்துச் சென்றுவிடும். ஆதலால் வேர்க்கட்டையோடு கூடிய பெருமரங்களை அடுக்கி, முளைக்கம்பங்கள் அறைந்தும் பாறைகளைப் பாரமேற்றியும் நிலைநிறுத்துகிறார்கள். 2011 முதல் 2014 வரை இரு அணைகள் அகற்றப்பட்ட எல்வா ஆற்றில், அவ்வாற்றங்கரையின் தொல்குடியினராகிய க்ளாலம் மக்கள் இப்பணியைத் தாமே முன்னின்று செய்துவருகிறார்கள்.

மரம் ஒன்றே எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. அணையின் அடியிலிருந்து திறக்கப்படும் குளிர்ந்த நீர் காட் மீனின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கிறது. அதற்கு மரம் என் செய்யும்? 2018-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2019-இன் தொடக்கத்திலும், டார்லிங் ஆற்றில் மெனின்டீ என்னும் ஊரருகே நீரில் உயிர்வளி குன்றிப் பெருந்தொகையான மீன்கள் மாண்டன. வயது முதிர்ந்த பெரிய காட் மீன்களும் அவற்றுள் இருந்தன. மூச்சுக் காற்றில்லாத ஊரில் வீடிருந்து என்ன பயன்? பாலத்தூணிலும் மதகிலும் சிக்கி வெள்ளத்தை ஊருக்குள் திருப்பும் மரத்தை எடுத்தே ஆகவேண்டும் என்பதிலும் ஐயமில்லை. எம்மரம் இருக்கலாம், எம்மரம் போகவேண்டும் என்பதை அவ்வாற்றோடு வாழ்பவரைக் கேட்டு முடிவு செய்யவேண்டும் என்பதே நாம் கண்ட பாடம்.

மற்றொரு பாடமும் உண்டு. 24,500 எங்கே, 4,450 எங்கே? எடுக்கக் கயிறும் இயந்திரமும் போதும். சில நாழிகையில் முடிந்துவிடும். திருப்பித் தருவதற்கு ஆராய்ச்சியும் பொருளும் பல்லாண்டுக் காலமும் வேண்டியிருக்கின்றன. அப்படியும் எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. பொந்து விழுந்த பெருமரம் ஒன்று இயற்கையாக ஆற்றுக்கு வந்து சேர வேண்டுமாயின், இன்று கரையில் நடும் கன்று நூறாண்டுக்கு மேல் வளர்ந்து முதிர வேண்டும்.

வேற்றூரில் வந்து குடியேறிய நமக்கு, ஓடும் நீரில் ஒதுங்கி நிற்க ஒரு பற்றுக்கோடு எத்துணை இன்றியமையாதது என்பது தெரியும். இந்நகருக்கு முதன்முதல் வந்து இறங்கிய நம் பெரியோர்க்கு ஓர் உறவினர் வீட்டுத் தாழ்வாரமும், ஒரு சங்கத்தின் கூரையும் அவ்வாறுதான் உதவின. பார்ப்பவர்க்கு அது வெறும் தாழ்வாரம். ஒதுங்கியவர்க்கு அதுவே வாழ்வு. அதை அறிந்த நாமே, மற்றோர் உயிரின் தாழ்வாரத்தைக் கயிறு கட்டி இழுத்துவிட்டுக் கை தட்டியிருக்கிறோம்.

வருந்தி இருந்துவிடுவதால் பயனில்லை. வரும் தையில் மீண்டும் ஆற்றங்கரைக்குச் செல்வோம். பிளாஸ்டிக்கையும் புட்டியையும் முன்னிலும் கருத்தாகப் பொறுக்குவோம். விழுந்த மரத்தைக் கண்டால் கயிற்றைத் தேடுமுன் கரையில் இருக்கும் மீனவரைத் தேடுவோம். மேட்டுக்கரையில் மருதங்கன்றுகள் சில நடுவதென்றும், அவற்றுக்கு இரண்டு கோடை நீர் ஊற்றும் பொறுப்பை மாணவர்கள் ஏற்பதென்றும் இளைஞர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். அக்கன்றுகள் முதிர்ந்து ஆற்றில் விழும் நாளைக் காண நம்மில் ஒருவரும் இருக்கப்போவதில்லை. அதனால் என்ன?

நடுவதற்கு முன் அந்த முதியவரைக் கண்டு, நாம் அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். எந்த இடத்தில் நடலாம் என்று அவரையே கேட்போம். இம்முறை அவர் சொல்வதைக் கேட்டு நடப்போம்.